'ஆய்வின் வரம்புகள்' பகுதியில் அடங்காத வாக்கியம்

1.

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியமாகத்தான் பிறந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசியில் 'ஆய்வின் வரம்புகள்' என்று அரைப்பக்கம் ஒதுக்குவார்கள். எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அதையெல்லாம் நாமே பணிவாகச் சொல்லிவிட்டால் தேர்வாளர் கோபிக்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அங்கே என் வழிகாட்டி எழுதச் சொன்ன வாக்கியம் இது: 'பதிலளித்தோரிடம் ஓரளவு சார்பு இருந்திருக்கக்கூடும்.'

எழுதிப் பார்த்தேன். ஆனால் 'ஓரளவு' என்ற சொல்லுக்குள் என் அத்தை உட்கார மறுத்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டில் 'நான்' என்று எழுதக்கூடாது. 'ஆய்வாளர் சென்றார், ஆய்வாளர் கண்டறிந்தார்' என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி எழுதுவதுபோல எழுதவேண்டும். எனக்கு அது பழகிவிட்டது. அதனால் இங்கேயும் 'அவள்'தான். அவள் நீயா என்று கேட்டால், ஆமாம். அதனால் என்ன?

2.

முதல் தொடக்கம்: 'சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்களில் டிஜிட்டல் உருமாற்றம் இன்றைய காலகட்டத்தில் இன்றியமையாத—'

வேண்டாம். 'இன்றியமையாத' என்று தொடங்கும் எதையும் யாரும் படிப்பதில்லை, என் வழிகாட்டி உட்பட.

இரண்டாம் தொடக்கம்: 'ஈரப் பசையின் வாசனை அந்தத் தொழிற்கூடத்தின் சுவர்களில் ஒரு பழைய பாடலைப்போல—'

இதுவும் வேண்டாம். பசைக்கு வாசனை கிடையாது, நாற்றம்தான். அழகாக ஆரம்பித்தால் அங்கே வேலை செய்கிறவர்களையும் அழகாக்கித் தொலைத்துவிடுவேன்.

மூன்றாவது, அடிக்காமல் விட்டது:

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஆராய்ச்சி என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் விளக்கத் தெரியாமல், "பெரிய படிப்பு" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். அவளுடைய அத்தை ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கம்பெனியில் புதிதாக சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள் என்று அத்தை சொன்ன அன்றைக்கே ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்றவர்கள் அனுமதிக் கடிதத்தோடு மாதக்கணக்கில் வரவேற்பறைகளில் காத்திருந்தபோது, இவளுக்கு அத்தை இருந்தாள்.

3.

வினாத்தாளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

'புதிய கணினி முறையை நான் தினமும் பயன்படுத்துகிறேன்', 'அதனால் என் வேலை எளிதாகியுள்ளது' என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து என்றால் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பிடித்த எண்ணைச் சுழித்தால் போதும்.

அத்தை அவளைக் கம்பெனி வாசலில் நிற்கவைத்து ஆட்களிடம் வினாத்தாளைக் கொடுக்கச் செய்தாள், நிரப்பிய தாள்களைத் தானே வாங்கித் தந்தாள். பசை விற்கிற கம்பெனி, அச்சடிக்கிற கம்பெனி, அட்டை வெட்டுகிற கம்பெனி எல்லாவற்றுக்கும் போன் போட்டாள். ஒருவர் வழியாக இன்னொருவரைப் பிடிக்கும் இந்த வழிக்கு எங்கள் துறையில் 'பனிப்பந்து முறை' என்று பெயர்.*

* பந்தை உருட்டியது யார் என்று புத்தகங்களில் போடுவதில்லை.

முடிவுகள் வந்தன. எங்கே பார்த்தாலும் ஐந்து. உலகத்திலேயே சந்தோஷமாக உருமாறிய நிறுவனங்கள் அவள் கையில். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு தெளிவான தரவு நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார். அந்தப் பருவ முடிவுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை அவளுக்கு நிச்சயம். "ஒரே ஒரு போட்டோ மட்டும் வேணும். தொழிலாளர்கள் கணினியைப் பயன்படுத்துற மாதிரி."

4.

போட்டோ எடுக்கப் போனாள். கணினிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். உறைமேல் ஒட்டுநாடாச் சுருள்கள் அடுக்கியிருந்தன. விசைப்பலகை இருந்த இடத்தில் சாப்பாட்டு டப்பாக்கள்.

ஒட்டும் பிரிவில் ஓர் அக்கா இருந்தாள். வாய் ஓயாது என்பதால் எல்லோரும் அவளை 'ரேடியோ' என்றார்கள்.

"அக்கா, தினமும் கம்ப்யூட்டர்ல ஸ்டாக் பாக்குறேன்னு அஞ்சு போட்டிருந்தீங்களே?"

"ஆமா, போட்டேன். உனக்குத்தானே போட்டேன்."

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? நேர்ல வந்து நின்னு பொறுமையா கேட்ட. அஞ்சுக்கு அஞ்சு குடுக்காம? மார்க் பத்தலேன்னா பட்டம் தரமாட்டாங்கன்னு உங்கத்தை சொல்லிச்சு. நம்ம அச்சு மெஷின் அண்ணன் ஒரு எடத்துல நாலு போட்டுட்டாரு. ஒரு வாரம் உங்கத்தை அவருகூடப் பேசலையே! அப்புறம் வந்து திருத்திக் குடுத்தாரு."

அவளுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. நான்கின்மேல் அழுத்தி எழுதிய ஐந்து. 'பதிலளித்தவர் ஆழ்ந்து சிந்தித்துள்ளார்' என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள்.

5.

[இங்கே அவள் அழுததாக ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. கத்தினாள்.]

"அத்தை! அது எனக்குப் போடற மார்க் இல்ல. கம்பெனிக்கு!"

"கம்பெனிக்கு எதுக்குடி மார்க்? கம்பெனியா படிக்குது?"

"எல்லாரும் பொய் சொல்லியிருக்காங்க!"

"யாரு பொய் சொன்னா? உன்னை நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. அது பொய்யா?" அத்தை லாரிக்காரனிடம் ரசீதை நீட்டிவிட்டுத் திரும்பினாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஏண்டி... எல்லாம் போச்சா?"

"தெரியல."

"நான் வேணா வந்து உங்க சார்கிட்ட பேசட்டுமா?"

"ஐயோ அத்தை, இதுவரைக்கும் நீங்க பேசினது போதும்."

6.

வழிகாட்டி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். குளிரூட்டிய அறை, ஒட்டவைத்ததுபோல ஒரு சிரிப்பு, எல்லாம் கொடுத்தேன். படித்துப் பார்த்தால் என் கோபம்தான் தெரிந்தது, மனிதர் தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி:

"வரம்புகள் பகுதியில ஒரு வரி போட்டுடு. சார்பு இருக்கலாம்னு. அவ்வளவுதான்."

"ஒரு வரியில அடங்காது சார். மொத்தமே சார்புதான். திரும்பப் போய்க் கேக்கணும்."

"திரும்பவா? பருவம் முடியப் போகுது. அந்த வேலை உனக்காகக் காத்திருக்காதும்மா. இதை யாரும் தோண்டிப் பாக்கமாட்டாங்க."

"அதுதான் சார் எரிச்சலா இருக்கு. யாருமே பாக்கமாட்டாங்கன்னா எதுக்கு எழுதறோம்?"

"உன் வீட்டுல முதல் ஆள் நீ. சீக்கிரம் முடிச்சு வெளிய போகணும்னுதான் சொல்றேன்" என்றார்.

படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதரும் ஐந்து போடுகிறார். அத்தை போட்டது, ரேடியோ அக்கா போட்டது, இவர் போடுவது எல்லாம் ஒரே ஐந்து. எல்லோரும் அவளைத் தூக்கி அந்தக் கரையில் வைத்துவிடப் பார்க்கிறார்கள். அவளுக்குத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியவேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு தடவை தவறினால் மறுதடவை பார்த்துக்கொள்ள அப்பாவும் மாமாவும் இருக்கிறார்கள். இவளுக்கு மறுதடவை கிடையாது. அதனாலேயே இந்த ஒரு தடவை பொய்யாக இருக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் சில நாள் சொல்வேன்.

7.

மதிய இடைவேளை. சரக்குப் பிரிவில், அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே எல்லோரையும் உட்காரவைத்தது அத்தைதான்.

"இங்க பாருங்க. இன்னிக்கு யாரும் இவளுக்கு மார்க் போடவேணாம். அந்தா இருக்கு பாருங்க கம்ப்யூட்டர், அதைத் திட்டுங்க. மனசார திட்டுங்க."

"அப்படிச் சொல்லு!" என்றாள் ரேடியோ. "பசைக் கையோட அதைத் தொடவே விடமாட்டேங்கறாங்க. கை கழுவிட்டு வந்தா அது தூங்கிருது. எழுப்பறதுக்குள்ள மறுபடி பசை."

"கிழிஞ்ச பெட்டியைப் பதிய அதுல எடமே இல்ல" என்றார் அச்சு மெஷின் அண்ணன். "அதனால வித்ததா போட்டுருவோம்."

"வித்ததாவா?" அவள் பேனா நின்றுவிட்டது.

"பின்ன? எங்கயாச்சும் போடணும்ல."

"பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

சிரிப்பு கிளம்பியது. சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. பாஸ்வேர்டு அவரிடம். மாப்பிள்ளையும் மாமனாரும் பேசிக்கொள்வதில்லை.*

* இதை எந்தக் கோட்பாட்டின் கீழ் வைப்பதென்று தேடினேன். 'தலைமையின் ஈடுபாடு' என்ற தலைப்பில் கொஞ்சம் இடம் இருந்தது.

சத்தம் கேட்டு முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். எல்லோரும் வாயை மூடினார்கள். அவர் உறை போட்ட கணினியைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

"எனக்கும் பாஸ்வேர்டு தெரியாது" என்றார்.

ரேடியோதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

"என்கிட்ட ஏன் யாரும் இதெல்லாம் சொல்லல?"

"உங்ககிட்டயும் வினாத்தாள் குடுத்தேனே சார்" என்றாள் அவள். "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருந்தீங்க."

முதலாளி பின்னங்கழுத்தைச் சொறிந்தார். "அது... உங்கத்தை எதிர்ல நின்னுட்டு இருந்தாங்க."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்ததும், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து, "இப்ப என்னையும் கேளுடி. அன்னிக்கு என்னை நீ கேக்கவே இல்ல" என்றாள்.

கேட்டாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. முதலாளி போகச் சொல்லவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

8.

முடிவுகள். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) அந்த அத்தியாயத்தை அவள் புதிதாக எழுதுகிறாள்: 'மக்கள் ஏன் முழு மதிப்பெண் போட்டார்கள்' என்பதே தலைப்பு. வழிகாட்டி படிக்கிறார், எழுந்து நின்று கை கொடுக்கிறார்— வேண்டாம். அவர் எழுந்து நிற்கும் ஆள் இல்லை. அவருக்கு முதுகுவலி.

(ஆ) பருவம் முடிந்துவிடுகிறது. வேலை வேறு யாருக்கோ போகிறது. அவள் மழையில் நடக்கிறா— இதுவும் வேண்டாம். தோற்றால் மழை பெய்யவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் இது வழிகாட்டி நல்லவரா கெட்டவரா என்ற கதையாகிவிடும்.

நான் விடுகிற இடம் இது. பருவ முடிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கொஞ்சம்தான். புதிய அத்தியாயம் அவள் பையில். அதில் நன்றாக வந்த பக்கங்களும் இருக்கின்றன, தடுமாறுகிற பக்கங்களும் இருக்கின்றன. எதுவும் யாரும் அவளுக்குக் கொடுத்த பரிசு இல்லை. வழிகாட்டியின் அறைக் கதவைத் தட்டிவிட்டாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "வாம்மா" என்கிறது குரல். கோபமா, களைப்பா, தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் தோற்கடித்தாலும் பரவாயில்லை, தாங்குவாள். ஆனால் பாவப்பட்டு ஜெயிக்கவைக்காதீர்கள்.