மூலம் இறங்கிய திராட்சைப் பந்தல்

1999ஆம் வருடம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விளக்கு வைக்கும் நேரத்தில், மூல நட்சத்திரம் கோம்பை ஈஸ்வரபாண்டியின் திராட்சைப் பந்தலுக்கு மேல் இறங்கி நின்றது. தனியாக வரவில்லை. விருச்சிகத்தின் வால் முழுவதும், வாலையொட்டி இருக்கும் இரண்டு நட்சத்திரக் கொத்துகளும், அவற்றைச் சுற்றியிருந்த கொஞ்சம் வெள்ளை மூட்டமும் சேர்ந்தே வந்தன. பந்தலின் கல்தூண்களுக்கு மேல் ஓர் ஆள் உயரம் இடைவெளி விட்டு நின்றன. அன்று கம்பத்தில் பன்னீர் திராட்சை கிலோ எட்டு ரூபாய்க்குப் போனது. கோம்பை நாய்க்குட்டி ஒன்று ஐந்நூறுக்குக் கைமாறியது. வானத்தில் வால் இருந்த இடம் காலியாகிவிட்டதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அது அங்கே இருந்ததையே ஒருவரும் கவனித்ததில்லை.

கோம்பையில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட இருபத்தேழு நட்சத்திரங்களையும் வரிசை மாறாமல் சொல்வார்கள். எதில் பயணம் கிளம்பக் கூடாது, எதில் கடன் கொடுத்தால் திரும்பாது, எதில் பிறந்த பெண் யாரைக் கொல்வாள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அந்த இருபத்தேழில் ஒன்றைக் கைநீட்டிக் காட்டச் சொன்னால் மட்டும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஜோசியர் ராக்கையா பல வருடங்களாகக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஜாதகம் கணித்தவர். கழுத்துச் சுளுக்குக்குப் பயந்து அவர் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஈஸ்வரபாண்டியின் மகள் யுவராணி மூலத்தில் பிறந்தவள். மூலத்துப் பெண் வந்தால் மாமனார் போய்விடுவார் என்பது அங்கே விலைவாசி மாதிரி, யாரும் சந்தேகப்படாத விஷயம். உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்த அவளைப் பார்க்க வந்த மூன்று குடும்பங்கள் ஜாதகத்தைக் கண்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தன. நான்காவது, உரக்கடை பேச்சிமுத்துவின் மகன் விஜயபாண்டி. அவளுக்குத் தூரத்து முறையில் மாமன் மகன். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் பழகி இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. ஜாதகமே பார்க்க வேண்டாம் என்றுதான் விஜயபாண்டி வீட்டில் சொன்னார். அவருடைய தாயார் கஸ்தூரியம்மாள் மறுநாளே பார்த்துவிட்டார்.

பேச்சிமுத்து தன் உயிர்மேல் மிகுந்த பிரியம் உள்ளவர். சொந்தக் கடையிலேயே பூச்சிமருந்து டப்பாவின் மூடியைத் திறக்க மாட்டார். வாங்க வந்தவனைத் திறந்து முகரச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வார். மாதம் தவறாமல் தேனிக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வருவார். 1997 தை மாதம் அவரே ஈஸ்வரபாண்டியின் வீட்டுக்கு வந்து சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்.

"பொண்ணு தங்கமான பொண்ணுதான் மாப்ள. அதுல குத்தமே சொல்ல மாட்டேன். நான்தான் இன்னுங் கொஞ்ச காலம் இருக்கலாமேன்னு பாக்கிறேன்" என்றார்.

இம்மாதிரிப் பெண்களுக்கு ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைப்பது. மாமனாரே இல்லாத வீட்டில் மூலத்துக்கு வேலை இல்லை. விஜயபாண்டி இந்த வழியை யோசித்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் யுவராணியிடம் ரகசியமாகச் சொன்னார்: "அப்பா இன்னும் எத்தன வருசம் இருக்கப்போறாக. சுகரு முன்னூறுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது. ரெண்டு வருசம் பொறுத்துக்க. அதுக்கப்புறம் மூலமாவது ஒண்ணாவது." யுவராணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டாள்.

காத்திருக்கும் காலத்தில், தன் வாழ்க்கையில் குறுக்கே விழுந்தது எது என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தேக்கடிப் படகில் யானை பார்க்கப் போகிறவர்களுக்குப் பைனாகுலர் வாடகைக்கு விடும் குமுளிக்காரர் ஒருவரிடம் பழையது ஒன்றை வாங்கினாள். "மோளே, இது ஆனையப் பாக்கிறதுக்கு உள்ளதாணு. நட்சத்திரம் ஒண்ணும் காணாது" என்று அவர் நேர்மையாகச் சொல்லித்தான் கொடுத்தார். மொட்டைமாடியில் நின்று பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. ஆறு என்று ஊரே எண்ணிவைத்திருந்த கார்த்திகை, சிந்திய கடுகுபோல எண்ண முடியாமல் கிடந்தது. மார்கழிச் சாயங்காலத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஊதிவிட்ட விபூதிபோல ஒரு மூட்டம் இருந்தது. நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் அது என்று அவள் பாடத்தில் படித்திருந்தாள். உத்திரட்டாதிக்கு வடக்கே தேங்காய்ப்பூத் துணுக்குபோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது இன்னொரு பிரபஞ்சத் தீவு, அதற்குள் கோடிக்கணக்கில் நட்சத்திரங்கள். அதில் எதுவும் யாருடைய மாமனாரையும் பற்றி அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை.

ஆடியில் தெற்கே விருச்சிகம் ஏறியது. சிவப்பாகக் கேட்டை, அதற்குக் கீழே வளைந்து இறங்கும் வாலில் மூலம். அந்த மாதம் முழுவதும் வேறு எதையும் பார்க்காமல் அவள் அதையே பார்த்தாள். கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை வாய்விட்டுச் சொன்னாள்: "இந்தா, அம்புட்டுத் தூரத்துல நின்னுக்கிட்டுத்தான் என் குடியக் கெடுக்கிறியா? கெடுக்கிறதுன்னா இங்கன எறங்கி வந்து கெடு."

இறங்கி வந்தது.

ஈஸ்வரபாண்டிக்குத் திராட்சை வெந்துவிடுமோ என்பதுதான் கவலை. கையை உயர்த்திப் பார்த்தார், சூடு இல்லை. மூன்றாம் நாள் பேச்சிமுத்து தன் வண்டியில் ராக்கையாவை ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல காரியத்தின்போது மூலத்துக்காரி எதிரே வரக்கூடாது என்று யுவராணியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, ஊரே பந்தலடியில் கூடியது. ராக்கையா தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். தன்னை அழைத்துவந்தவரின் ஜன்ம நட்சத்திரம் பூசம் என்பது அவருக்கு நினைவு இருந்தது.

"பூசம். சந்தேகமே வேண்டாம். எம்புட்டுச் சாந்தமா இருக்கு பாருங்க. மூலமா இருந்தா இந்நேரம் பந்தலே பத்தியிருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அது பூசம் ஆனது. தேங்காயும் சூடமும் வந்தன. பிள்ளையில்லாதவர்கள் கல்தூணில் தொட்டில் கட்டினார்கள். ஏலக்காய் எஸ்டேட்காரர்கள் ஜீப்பில் வந்து குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பழனிசெட்டிபட்டியிலிருந்து வந்த ஒரு மனைத் தரகர் பக்கத்துக் கரட்டு நிலத்தை வளைத்துப் 'பூசம் நகர்' என்று போர்டு நட்டு, வாசலில் நின்றால் நட்சத்திரம் தெரியும் மனைகளுக்குத் தனி ரேட் வைத்தார். இரண்டு கட்சிக்காரர்கள் அதைக் கொண்டுவந்ததற்காகத் தத்தம் தலைவர்களுக்கு நன்றி சொல்லித் தட்டி கட்டினார்கள். மூலத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையைத் தோஷம் கழியட்டும் என்று மூலத்துக்கு அடியிலேயே கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போனார்கள். குழந்தை சிரித்தது, அதற்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது போல.

பேச்சிமுத்து ஒரு கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து நேர் அடியில் போட்டுக்கொண்டார். தன் நட்சத்திரம், தனக்கு உரிமை உண்டு என்றார். சாயங்காலம் கடையைக் கஸ்தூரியம்மாளிடம் விட்டுவிட்டு வருவார், விடிந்தபின் போவார். 2000த்தில் அவருடைய சர்க்கரை இருநூறுக்கு இறங்கியது. 2001இல் தேனி லேபில் அதே சோதனையை இரண்டுமுறை செய்து பார்த்தார்கள். 2002இல் காதோரம் முடி கறுக்க ஆரம்பித்தது. மாமனார்களைக் கொல்லும் நட்சத்திரத்தின் கீழே ஒரு மாமனார் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தார். அவருக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுவரும் வேலை விஜயபாண்டியுடையது. தூக்குவாளியை வைத்துவிட்டு யுவராணியிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் பொறு" என்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னார். அவருக்குத்தான் நரை விழுந்துகொண்டிருந்தது.

2003இல் யுவராணி நேராகக் கட்டிலுக்குப் போனாள். இது மூலம் என்று அதுவரை அவள் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரு கணக்கு இருந்தது: மாமனாரே பல வருடம் மூலத்தின் கீழ்ப் படுத்துச் சாகாமல் இருந்தால், பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

"மாமா, இது பூசமில்ல. மூலம்" என்றாள்.

பேச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தார். மேலே பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "வேற யாருகிட்டச் சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல."

"சொல்லாத ஆத்தா. ஊரு பயந்துக்கிரும்."

"நாலு வருசமா இதுக்கு அடியிலதான படுத்துக் கெடக்கீக. ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே. சுகரு நூத்திப் பத்து."

"அப்ப எனக்கும் ஒங்க மகனுக்கும் முடிச்சு வச்சா மட்டும் என்ன ஆகிரும்?"

பேச்சிமுத்து உண்மையிலேயே திகைத்துப்போனார். ஒரு படித்த பெண்ணுக்கு இதுகூடப் புரியவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "அது எப்பிடித்தா? நட்சத்திரம் வேற, பொண்ணு வேற" என்றார். படுத்துக்கொண்டபின், "அப்பிடியே இந்தக் கட்டில லேசாத் தெக்கால நகத்திட்டுப் போ. வாலு மொகத்துல படணும்" என்றும் சொன்னார்.

அவள் நகர்த்தாமல் போனாள். ஆனாலும் காத்திருந்தாள். விஜயபாண்டி தன் தகப்பனாரைப்போல் அல்ல என்பது அவளுடைய கடைசி நம்பிக்கை.

2006 ஆடியில் பேச்சிமுத்து திருப்பூரில் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனார். அங்கே வானம் வழக்கமான உயரத்தில் இருந்தது. பத்துநாள்கூடத் தாங்கவில்லை, இத்தனை வருடம் அடங்கியிருந்த சர்க்கரை மொத்தமாக ஏறி அவரைச் சாய்த்தது. தேனிக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் விஜயபாண்டி புதுச்சட்டை போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தார். போனஸ் வாங்கிய ஆள்போல் முகம் இருந்தது.

"டாக்டரு கைய விரிச்சிட்டாரு. ஆவணி தாண்டாதாம். தலைத்திவசம் வரைக்கும் ஊரு பேசும், பேசட்டும். நாம தை மாசமே வச்சுக்குவமா?"

"மச்சான், மாமாவுக்கு மூச்சு இருக்கா?"

"இருக்கு. லேசா. அத நீ பெருசா எடுத்துக்காத."

எட்டாத தூரத்தையெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்த்தவள், இரண்டடி தூரத்தில் நின்ற ஆளை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அந்த மனிதர் ஒன்பது வருடமாக அவளுக்காகக் காத்திருக்கவில்லை, ஒரு சாவுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். கொலைகாரப் பட்டம் மட்டும் அவளுக்கு வந்திருக்கிறது.

திராட்சை ஏற்ற வந்திருந்த மினிலாரியை, டிரைவர் ஒச்சாண்டியிடம் சொல்லி அப்படியே பேச்சிமுத்துவின் வீட்டுக்குத் திருப்பினாள். கஸ்தூரியம்மாள் ஒப்பாரிக்கு ஆள் சொல்லிவிட்டுக் கூந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி தூக்கிட்டுப் போற? மூலத்துக்காரி தொட்டா இருக்கிற மூச்சும் போயிருமே."

"போனா எனக்குத்தான் கல்யாணம் அத்தை. வெலகுங்க."

திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே, தலையைத் தன் மடியில் வைத்து அவரைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினாள். வால் முகத்தில் படும்படி கட்டிலை அவளே தெற்கே நகர்த்தினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பேச்சிமுத்து கண் திறந்து, சர்க்கரை போட்டு ஒரு காபி கேட்டார். யுவராணி இரக்கத்தினால் செய்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறான தகவல். அருவருப்பினால் செய்தாள். அவள் மடியில் தலை இருந்த விவரம் தெரிந்ததும் பேச்சிமுத்து மறுநாள் காலையிலேயே ராக்கையாவை வரவழைத்து, மூலத்துக்காரி தொட்ட தோஷத்துக்குப் பரிகாரம் செய்துகொண்டார். பரிகாரம் கட்டிலில் படுத்தபடியேதான் நடந்தது. எழுந்து தள்ளிப்போக அவர் சம்மதிக்கவில்லை.

விஜயபாண்டியின் பக்கம் யுவராணி அதற்குப் பிறகு திரும்பவில்லை. தேவதானப்பட்டியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய் வந்தாள். சொந்தச் சம்பளத்தில் பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கினாள். மூலத்தை அவள் திரும்பிப் போகச் சொல்லிப் பார்த்தாள். அது போகவில்லை, பந்தல் பழகிவிட்டிருந்தது. 2008க்குப் பிறகு கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் கோம்பை முழுவதும் இருண்டு கிடக்கும்போது அங்கே மட்டும் வெளிச்சம் இருந்தது. அதில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். திருத்தி முடித்ததும் மாடிக்குப் போய், இறங்கி வராத மற்றவற்றைப் பார்த்தாள். கல்யாணத்தைப் பற்றி யாராவது இழுத்தால், "மாமனார் நல்லா இருக்காக. அது போதும்" என்பாள். பூசம் நகரில் வீடுகள் வந்துவிட்டன. மூலத்துப் பெண்ணுக்கு அங்கே வாடகைக்குக்கூட வீடு கிடைப்பதில்லை.

2010 ஆடியில் பேச்சிமுத்துவுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் புதிதாக முளைத்தன. விஜயபாண்டி இன்னும் கல்யாணம் ஆகாமல் ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்துகொண்டிருந்தார். தலை முழுவதும் வெளுத்துவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் கட்டிலருகே நின்று, "சாப்பாடு கொண்டாந்திருக்கிற பெரியவரு ஒங்க அண்ணனாண்ணே?" என்று பேச்சிமுத்துவிடம் கேட்டார். பேச்சிமுத்து புதுப் பல்லால் மென்றுகொண்டிருந்தார். விஜயபாண்டி காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மூலம் நன்றாக இருந்தது.