ஸ்கேன் குழுவிலிருந்து தம்பி போன விதம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கணினிப் புத்தகத்தின் எச்சரிக்கை வரியிலிருந்து பிறந்தது. லினக்ஸ் கணினியில் எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பதைக் குழுக்கள்தான் முடிவுசெய்யும்; அந்த வரி, ஒருவரைப் புதிய குழுவில் சேர்க்கும் கட்டளையைப் பற்றியது. usermod -aG என்று தட்டினால், இருக்கிற குழுக்களோடு புதியதும் சேரும். அந்த a-வை விட்டுவிட்டால் புதியது மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் போய்விடும். அடப்பாவமே என்றேன். உடனே ஓர் அக்காவும் தம்பியும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

2

சர்வர் அறையின் குளிரில் அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு…

[வேண்டாம். சால்வை யாருக்கு வேண்டும்? நேரே சண்டைக்குப் போகலாம்.]

அக்கா ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். தம்பிக்கு அங்கேயே ஸ்கேன் பிரிவில் வேலை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று முந்தின நாள் வீட்டில் வாய்ச்சண்டை.

"உனக்கு யார் மேலயும் ஒட்டுதலே கெடையாதுடா!"

"இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல, போ!"

மறுநாள் அவனை ஆராய்ச்சிக் குழுவில் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. groupadd போட்டுக் குழுவை உண்டாக்கினாள். பிறகு usermod -G. a இல்லை. ஏற்கெனவே கணினிக்குள் நுழைந்திருந்த தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியேறி மறுபடி நுழைந்தபோதுதான் ஒரு ஸ்கேன் படமும் திறக்க மாட்டேன் என்றது. அறுவை அறையில் ஒரு பெண்மணி மயக்கத்தில் கிடந்தார். டாக்டர் படத்தைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

3

[அந்தப் பெண்மணி இறந்துவிடுவதாக ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒருத்தியை அழவைக்க இன்னொருத்தியைக் கொல்வது அநியாயம்.]

ஃபோன் வந்ததும் அக்கா groups என்று தட்டி, அவன் எந்தெந்தக் குழுவில் இருக்கிறான் என்று பார்த்தாள். ஸ்கேன் குழுவைக் காணோம். உடனே சேர்த்தாள். அவன் மறுபடி நுழைந்தான், படம் திறந்தது, அந்தப் பெண்மணி பிழைத்தார். அதன்பிறகுதான் தம்பி மாடியேறி வந்தான்.

"வேணும்னே செஞ்சியா?"

"சத்தியமா இல்லடா. ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

"இத்தன வருஷமா விடாத எழுத்து, சண்ட போட்ட மறுநாள்தான் விட்டுப்போச்சா?"

4

ஒரு முடிவில் அவன் நம்பிவிடுகிறான். எழுதியவரையில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பொய். இன்னொன்றில் அவள் தலை குனிந்து, "எனக்கே தெரியலடா" என்கிறாள். அவள் தட்டிய கட்டளை கணினியில் அப்படியே இருக்கிறது. தட்டியபோது அவள் என்ன நினைத்தாள் என்பது, அவளை உண்டாக்கிய எனக்கே தெரியவில்லை.

தம்பி இன்னும் அக்காவின் அறை வாசற்படியில்தான் நிற்கிறான். இதற்கு மேல் என்னால் ஆகாது. கூடப்பிறந்த ஒருவரிடம் கோபத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பிறகு நீங்களே அவனைப் பேசவையுங்கள்.