ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு

ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியனும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்ச்சாமியும் கூட்டாக நடத்திய பேண்டேஜ் துணிக் கம்பெனியில், கம்ப்யூட்டர் முழுக்க யுவராணியின் பொறுப்பு. மில் இங்கே, விற்பனை ஆபீஸ் அங்கே. தங்கப்பாண்டியனின் தங்கையைத்தான் பால்ச்சாமி கட்டியிருந்தார். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் நம்புவதாக ஊர் நம்பியது.

சனிக்கிழமைதோறும் யுவராணி கம்பெனி விவரம் அத்தனையையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, பத்திரத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் கொண்டுபோய் வைப்பாள். ஒருநாள் அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். ஞாயிறு முழுக்க பஸ் ஸ்டாண்டில் தேடி அலைந்தாள். திங்கட்கிழமை கண்டக்டரே மில்லுக்குத் தேடி வந்து கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் பாட்டு ஏதாவது இருக்குமென்று மகளின் லேப்டாப்பில் சொருகிப் பார்த்திருக்கிறார்.

"ஒரு பாட்டுகூட இல்ல அண்ணாச்சி, பூராம் கணக்கு," என்று தங்கப்பாண்டியனிடம் குறைப்பட்டுக்கொண்டார். "கேக்கேன்னு தப்பா நெனைக்காதீய. வில்லிபுத்தூர் ஆபீசுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு ஏசி?"

ஏசி வாங்கிய சங்கதியே தங்கப்பாண்டியனுக்கு அப்போதுதான் தெரியும். முகம் சுண்டிப்போயிற்று.

பென்டிரைவைப் பூட்டி வைக்கலாம், பாஸ்வேர்டு இல்லாமல் எவர் கையில் கிடைத்தாலும் வெறும் பிளாஸ்டிக்தான் என்று யுவராணி சொன்னபோது இரு முதலாளிகளும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு யாரிடம் இருப்பது என்பதில்தான் இழுபறி. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மறந்தால் திறக்க ஒரு ரகசிய எண் வரும், அதை அச்சடித்து பாங்க் லாக்கரில் வைக்கலாம் என்றாள் யுவராணி. யார் லாக்கரில் என்று அடுத்த சண்டை. அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தட்டில் எரித்துவிட்டு இருவரும் நிம்மதியானார்கள். இனி மறந்தால் திறக்க வழியே இல்லை என்பது யுவராணிக்கு மட்டும்தான் உறைத்தது.

அதன்பின் சனிக்கிழமைகளில் பால்ச்சாமி மெனக்கெட்டு பென்டிரைவோடு ராஜபாளையம் வந்து தன் பாதியை அடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தது. ஒருமுறை அவர் அடிக்கும்போது தங்கப்பாண்டியனுக்குத் தும்மல் வந்து, தும்மிய வேகத்தில் தலை திரும்பிவிட்டது.

"வேணும்னே திரும்புதீய மச்சான்!"

"தும்மலுக்கும் உங்கிட்ட அனுமதி கேக்கணுமா மாப்ள?"

அன்றோடு பேச்சு நின்றது. பேக்கப்பும் நின்றது. யுவராணி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இருவரும் மற்றவரைக் கை காட்டினார்கள்.

மழைக்காலத்தில் ஒரு இடி. மில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போயிற்று. அந்த வாரமே கேரளத்து ஆஸ்பத்திரி ஒன்று, போன வருஷம் வாங்கிய சரக்கின் சோதனை ரிப்போர்ட்டைப் பார்க்க நாளை ஆள் வருகிறார் என்று போன் செய்தது. ரிப்போர்ட் பென்டிரைவில் மட்டும்தான் இருந்தது.

பால்ச்சாமி பென்டிரைவோடு காரில் வந்து இறங்கினார். இரவல் லேப்டாப்பில் தங்கப்பாண்டியன் அடித்தார், பால்ச்சாமி அடித்தார். தவறு என்றது திரை. மறுபடி அடித்தார்கள். மறுபடியும் தவறு.

"எம் பாதி சரிதான்," என்றார் ஒருவர். "அப்ப நான் பொய் சொல்லுதனா?" என்றார் மற்றவர்.

வேறு வழியில்லாமல் யுவராணி ஒவ்வொருவரையும் தனியாகப் பக்கத்து அறைக்கு அழைத்துக் கேட்டாள். பால்ச்சாமி எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டார். தங்கப்பாண்டியன் நெளிந்தார்.

"பால்ச்சாமி புளுகன்," என்றார் கடைசியில். "இங்கிலீஷ் எழுத்துல."

"பழனிக்கு வார பி-யா, பம்பாய்க்கு வார பி-யா அண்ணாச்சி? 'ச்சா'வுக்கு எஸ்ஸா, சி எச்சா?"

"அது... கைக்கு வந்தபடி அடிச்சுக்கிட்டு இருந்தேன் தாயி. இப்ப கை மறந்துபோச்சு."

அவளாகவே நாலைந்து விதம் தாளில் எழுதி அடித்துப் பார்த்தாள். எதுவும் சரிப்படவில்லை. வேறு வழி?

"அண்ணாச்சி, உங்க பேர இங்கிலீஷ்ல எத்தன விதமா எழுதுவாக?" என்று பால்ச்சாமியிடமே கேட்டாள்.

"ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, லைசென்ஸ்ல ஒரு மாதிரி. எதுக்கு?" கேட்டவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. "எம் பேருக்குப் பொறவு என்ன போட்டிருக்கீய மச்சான்?"

தங்கப்பாண்டியன் மின்விசிறியைப் பார்த்தார். லைசென்ஸில் இருந்தபடி யுவராணி அடித்ததும் பென்டிரைவ் திறந்துகொண்டது. அவள் எழுதி வைத்திருந்த தாளைப் பால்ச்சாமி எட்டிப் பார்த்தார்.

"புளுகனா?"

"ரெண்டு ஏசிய மறைச்சவன வேற என்னன்னு சொல்ல?"

"கஞ்சன்கிட்ட ஏசின்னு எப்படிச் சொல்ல? அதான் நானும் 'தங்கப்பாண்டி கஞ்சன்'னு போட்டேன்!"

மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடினார்கள். இத்தனை நாள் புள்ளி புள்ளியாக அடித்ததை எல்லாம் இருவரும் வாய்விட்டுச் சொல்லித் தீர்த்தார்கள். யுவராணி காதைப் பொத்தாமல், சந்தடியில்லாமல் ரிப்போர்ட்டை எடுத்து அச்சடித்தாள்.

மறுநாள் வந்த ஆள் திருப்தியாகப் போனார். யுவராணி தானே ஒரு புதுப் பாஸ்வேர்டு போட்டு, ரகசிய எண்ணை இரண்டு தாளில் அச்சடித்து ஆளுக்கொரு லாக்கரில் வைக்கச் சொன்னாள். முதலாளிகள் இப்போதெல்லாம் நேருக்கு நேராகவே திட்டிக்கொள்கிறார்கள். பேக்கப் ஒழுங்காக நடக்கிறது.