செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு பிடிவாதம்

இயக்குநர் பூங்கொத்தை நீட்டிய அதே விநாடி, கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

குழாய் மேடம் மேடையிலேயே அதை எடுத்துக் காதில் வைத்தாள். ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சோதித்துச் சோதித்தே தலை நரைத்த விஞ்ஞானிக்கு ஆய்வகத்தார் வைத்த பெயர் அது. பேசியது அவள் அக்கா. கீழே வரவேற்பு மேசையில் வேலை.

"அடியே, அங்க பல்லக் காட்டி போட்டோவுக்கு நின்னுக்கிட்டிரு! இங்க உன் ரூம் பூட்டை மாத்துறான். ஃபிரிட்ஜையும் அணைக்கச் சொல்லிட்டாங்களாம்!"

அந்தக் குளிர்பெட்டிக்குள் பெயின்ட் தொழிற்சாலைக் கழிவு கலந்த குடிநீர் பாட்டில்கள். சூடேறினால் சாட்சியம் காலி. நாளைக் காலை விசாரணைக் குழு வருகிறது. தொழிற்சாலை முதலாளியோ முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்கிறார். இந்தக் கட்டடமே அவர் தந்த நன்கொடை.

ஓகோ, அவளை அறையை விட்டு அகற்றத்தானா இத்தனை தடபுடல்! சிறுகோள் ஒன்றுக்கு, அதைக் கண்டுபிடித்த வானியலாளர் இவள் பெயரைச் சூட்டி ஆறு மாதமாகிறது. இதுவரை வாயே திறக்காத இயக்குநர் இன்றைக்கு விழா எடுக்கிறார்.

மைக்கைப் பிடித்தாள்.

"என் பேர்ல ஒரு கல்லு சுத்துதாம். பக்கத்துல வியாழன்னு ஒரு பெரிய மனுஷன். எத்தனையோ கல்லை இழுத்துத் தூக்கி எறிஞ்சவன். இந்தக் கல்லு மசியல." முதலாளியை நேராகப் பார்த்தாள். "பத்திரிகைக்காரங்க எல்லாரும் வாங்க, என் ரூமைக் காட்டுறேன்!"

கேமராக்கள் படியிறங்கி ஓடின. அறை வாசலில் பூட்டுக்காரன் திருப்புளியோடு விழித்தான். உள்ளே, குளிர்பெட்டியின் பிளக்கை முதுகால் மறைத்தபடி அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னைத் தாண்டி கை வெய்யி பாக்கலாம்னேன். பாவம், வேர்த்துட்டான்."

குழாய் மேடம் முத்திரை வைத்த பாட்டில்களில் பாதியை எடுத்தாள். பாதியைக் குழுவுக்கென விட்டாள்.

"ஆளுக்கொண்ணு. ஐஸ்ல வெச்சுக் கொண்டுபோங்க. எந்த லேப்ல வேணாலும் குடுத்துப் பாருங்க."

மூச்சு வாங்க வந்து நின்ற இயக்குநர் அவள் காதோரம் சீறினார். "உங்க வேலை போயிடும்!"

"போகட்டும் சார். கல்லுலேர்ந்து என் பேரை எடுத்துடுவீங்களா?"

பூங்கொத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகரு. விடியற வரைக்கும் நானும் இங்கதான்."