நாற்பத்தொரு பேர்

நூலகத்தின் மாடி அறையை இனி மாலையில் தர முடியாது என்று செயலாளர் சொன்னபோது, மருந்துக்கடைக்காரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வருடங்களாக அந்த அறையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறாள். பகலில் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் கை, சாயங்காலம் சாக்பீஸ் பிடிக்கும். அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரியாமல் ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் ஆரம்பித்த வகுப்பு அது. இப்போது முப்பத்து நான்கு பேர் வருகிறார்கள்.

"ஆளுங்க வர்றாங்கன்னு வாயால சொன்னா கமிட்டி ஏத்துக்காதும்மா," என்றார் செயலாளர். "நம்ம பகுதியில படிக்கத் தெரியாதவங்க எத்தனை பேருன்னு புள்ளிவிவரம் கொண்டுவாங்க. தேவை இருக்குன்னா அறை உங்களுக்குத்தான்."

இவ்வளவுதானா என்று நினைத்தாள். அந்த எண்ணைத் தேடி அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. இணையதளத்தில் பக்கம் திறக்கவே இல்லை. திறந்தபோது நாடு முழுவதற்குமான கணக்கு இருந்தது. அவளுடைய பகுதி இல்லை. கல்வித் துறைக்கு போன் போட்டால், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கடையில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு நேரில் போனாள். முதல் நாள் அதிகாரி வரவில்லை. இரண்டாம் நாள் அதிகாரி வந்தார், பிரின்டர் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் விடுப்புக் கேட்டபோது கடை முதலாளி முகம் கொடுத்தே பேசவில்லை. அன்றைக்குத்தான் அலுவலக எழுத்தர் ஒரே ஒரு தாளை நீட்டினார்.

பெரியவர்கள் ஆறாயிரத்து நூற்றுச் சொச்சம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நாற்பத்தொரு பேர்.

"சார், இது எங்க பகுதிதானா?"

"உங்க பகுதியேதான். நல்ல முன்னேற்றம், இல்ல?" என்று எழுத்தர் புன்னகைத்தார்.

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய்க் கொடுத்தாள். செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நாப்பத்தொண்ணுல முப்பத்து நாலு பேரு உங்ககிட்டயே படிக்கிறாங்க. மிச்சம் ஏழே பேரு! வேலை முடிஞ்ச மாதிரிதானேம்மா? ஏழு பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய அறை?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினாள். படி இறங்கும்போதுதான் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

அன்று மாலை வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. "போன வருஷம் கணக்கெடுக்க வந்தாங்களே, உங்க வீட்ல யாரு பதில் சொன்னது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். புருஷன் என்றார்கள், மகன் என்றார்கள், மருமகள் என்றார்கள். தையல்காரக்கா மட்டும், "நானேதான் சொன்னேன். எல்லாரும் படிச்சவங்கன்னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வாசல்லயே நின்னா, வேற என்னத்தைச் சொல்ல?" என்றாள். முப்பத்து நான்கில் இரண்டே பேர் வீட்டில்தான் உண்மையைச் சொல்லியிருந்தார்கள்; அந்த இரண்டு பேர்தான் நாற்பத்தொன்றில் இருந்தார்கள். மற்ற முப்பத்திரண்டு பேரும் அரசாங்கத்தின் கணக்கில் ஏற்கெனவே படித்து முடித்தவர்கள்.

எரிச்சலை அப்படியே வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள். லிப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்னேன்."

"எல்லாருக்குமா?"

அண்ணன் அண்ணியைப் பார்க்காமல் ஷூவுக்குள் எதையோ தேடினான். "முன்னப்பின்ன தெரியாதவன் வாசல்ல நின்னு கேக்குறான். அவ காதுல விழுற மாதிரி, இவளுக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் என் வகுப்பையே மூடப் போறாங்க!"

அவள் குரல் ஏறியதும் அண்ணி மடித்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அவரை ஏன் திட்டுற? அவரு ஒரு நாள் மறைச்சாரு. நீ ஆறு வருஷமா ஊரையெல்லாம் வகுப்புக்குக் கூப்பிடுற. என்னை ஒரு நாள் கூப்பிட்டியா?"

அண்ணி மனசு நோகும் என்று நினைத்துத்தான் மருந்துக்கடைக்காரி இதுவரை கூப்பிடவில்லை. அதையேதான் அண்ணனும் சொல்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே நல்லெண்ணத்தில், ஒருத்தியை இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். சண்டை போட வந்தவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று.

"நாளைக்குக் கூப்பிடு, வர்றேன்," என்று சொல்லிவிட்டு அண்ணி அடுத்த சட்டையை எடுத்தாள்.

திருத்தம் செய்யலாம் என்று எழுத்தர் போனில் சொன்னார். ஆனால் சம்பந்தப்பட்டவரே நேரில் வர வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். புதன்கிழமை காலையில் வேலையை விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் பதினான்கு பேர், கூடவே அண்ணி. எழுத்தர் ஆளுக்கொரு படிவத்தை நீட்டினார். இரண்டு பக்கம், பொடி எழுத்து.

"ஐயா, இதைப் படிச்சு நிரப்பத் தெரிஞ்சா நாங்க எதுக்கு இங்க வர்றோம்?" என்றாள் அண்ணி. வரிசையில் சிரிப்பு எழுந்தது. எழுத்தரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, படிவங்களை மருந்துக்கடைக்காரி பக்கம் தள்ளினார். அவள் பதினைந்தையும் நிரப்பி முடிக்கப் பதினொன்றரை ஆயிற்று.

தையல்காரக்கா முதலில் போய்ப் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா," என்று பதறினார் எழுத்தர். "எழுதத் தெரியாதுன்னு சொல்ற படிவத்துல கையெழுத்துப் போட்டா மேல இருக்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. கைநாட்டு வையுங்க."

தையல்காரக்கா மைப்பெட்டியைப் பார்த்தாள். "நாலு மாசம் கை வலிக்க வலிக்க எழுதிப் பழகியிருக்கேன். மறுபடியும் கைநாட்டா? முடியாது."

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள்தான். பேரை எழுதத் தெரிஞ்சா போதுமா, பத்திரிகை படிக்க வருதா உங்களுக்கு? இந்தக் கணக்கு இல்லன்னா அறையே போயிடும்," என்று மருந்துக்கடைக்காரி கெஞ்சினாள்.

"அறை போனா போகட்டும் டீச்சர். என் வீட்லயே வந்து சொல்லிக்குடுங்க. இதை மட்டும் கேக்காதீங்க."

அவளைத் தொடர்ந்து இன்னும் எட்டு பேர் படிவத்தை மடித்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரிக்கு அவர்களை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து பேர் கைநாட்டு வைத்தார்கள். ஆறாவதாக அண்ணி கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, மையைத் துடைக்கத் துணி கேட்டாள். கொடுக்க யாரிடமும் துணி இல்லை.

திருத்திய கணக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. நாற்பத்தேழு. கமிட்டி கூடிப் பேசியது. படிக்கத் தெரியாதவர்கள் ஆறு பேர் அதிகமாகியிருப்பது கவலைக்குரியது என்று குறிப்பு எழுதி, வாரத்தில் ஐந்து நாள் இருந்த வகுப்பைச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் என்று சுருக்கியது. மற்ற நாட்களில் அறை பூட்டியே கிடந்தது. வேறு யாரும் அதைக் கேட்டு வரவும் இல்லை.

அடுத்த கணக்கெடுப்பில் வாயால் கேட்காமல், ஒரு வரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்று அவள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறுபடியும் எழுதினாள். தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அதற்கு மூன்றாவது கடிதம் எழுதினாள், கொஞ்சம் காரமாகவே.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் நடப்பது போக, வியாழக்கிழமைகளில் தையல்காரக்காவின் கடையிலும், மற்ற நாட்களில் அண்ணன் வீட்டுக் கூடத்திலும் வகுப்பு நடக்கிறது. இடம் போதாமல் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். அண்ணி முன்வரிசையில் உட்காருகிறாள். பாதி வகுப்பில் தலையை நிமிர்த்தி, "நீ ரொம்ப அவசரப்படுத்துற. எழுத்து ஒண்ணும் ஓடிப் போகாது, மெதுவா சொல்லு," என்று நாத்தனாரை அதட்டுகிறாள்.