சல்லடைக்கு அடங்காத தங்கம்

தையல்காரியும் அவளுடைய நாத்தனாரும் அனுமதி வாங்கிக்கொண்டு, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கல்மேட்டில் உலோகம் தேடும் கருவியோடு காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தார்கள். துருப்பிடித்த ஆணிகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"எல்லாரும் ஆத்து மணல்ல தேடுறாங்க. நாம மட்டும் ஏன் அண்ணி இந்தக் கல்லுல முட்டிக்கிறோம்?" என்றாள் நாத்தனார்.

"அந்தக் காலத்துல மண்ணை மெஷின் சல்லடையில போட்டுச் சலிச்சாங்க. பொடித் தங்கம் கீழே விழும். மேல தங்குற கல்லையெல்லாம் இங்க கொண்டாந்து கொட்டிடுவாங்க. சல்லடைக் கண்ணைவிடப் பெரிய தங்கக் கட்டி இருந்தா, அது எங்க போயிருக்கும்?"

நாத்தனார் காலடியில் கிடந்த கற்களைப் பார்த்தாள். "அட, கல்லோட கல்லா இங்கதான் வந்திருக்கும்."

அதற்குப் பிறகு அவள் முணுமுணுக்கவே இல்லை. கருவியைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மேட்டின் மறுபக்கச் சரிவில் அது கனமாக ஒருமுறை முனகியது. இருவரும் மண்டியிட்டுக் கற்களைப் புரட்டினார்கள். முழங்கை ஆழத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு அழுக்கு உருண்டை கிடைத்தது. அளவுக்கு மீறிய கனம். தையல்காரி குடிதண்ணீரை ஊற்றித் தன் முந்தானையால் தேய்த்தாள். மஞ்சள் பளீரென்று தெரிந்தது.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டியை மாறி மாறி வாங்கிப் பார்த்து, விலா நோகச் சிரித்தார்கள்.

"வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்றாள் தையல்காரி.

"எதுக்கு அண்ணி அவசரம்? இன்னும் பாதி மேடு கெடக்கு," என்று நாத்தனார் எழுந்து நடந்தாள்.