பேச்சாயி போட்ட கையெழுத்து

பேச்சாயி எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். துடைப்பதோடு நிற்க மாட்டாள். டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸிடம் ஓடுவாள். துணைக்கு ஆளில்லாத கிழவிக்கு வெந்நீர் வாங்கி வருவாள். கட்டிலோரம் நின்று ஊர்க்கதை பேசுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால், "படுத்துக் கெடக்குறவுகளுக்கு ஒரு பேச்சுத்தொணதான சார்" என்பாள்.

ஒருநாள், டிரிப்ஸ் தீர்ந்து வெகுநேரமாச்சு என்று அவள் ஒரு நோயாளியின் மருமகனிடம் சொல்லப்போய், அவர் கவுண்டரில் வந்து கூச்சல் போட்டார். நான் நிர்வாக மேலாளர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். 'இனி நோயாளிகளிடம் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்' என்று எழுதி அவளிடம் நீட்டினேன். பேனாவை அழுத்திப் பிடித்து எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு தானுண்டு, தன் வேலையுண்டு என்றிருந்தாள். நானும் அதைத்தான் ஒழுங்கு என்று நினைத்தேன், மடையன்.

ஆறு மாதம் கழித்து என் அம்மா சிவனம்மாளுக்கு மூச்சுத்திணறல். நாகல் நகர் வீட்டிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். மூன்றாம் நாள் தேறி, இரண்டு இட்லி சாப்பிட்டாள். அன்று சாயங்காலம் கீழே ஹாலில் ஊழியர் கூட்டம். யாரும் சொல்லாமலே முன்வந்து வேலை பார்ப்பது எப்படி என்று மைக் பிடித்து ஒரு மணி நேரம் முழங்கினேன். ஊருக்கு உபதேசம்! கைதட்டல் வேறு. போனை சைலண்டில் போட்டிருந்தேன்.

மேலே போனபோது அம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

"திடீர்னு மூச்சு நின்னுருச்சு சார். டாக்டரும் எம்புட்டோ பாத்தாரு. உங்களுக்கு அஞ்சு தடவ போன் அடிச்சேன்" என்றாள் நர்ஸ் அறிவுச்செல்வி.

பேச்சாயி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தொடைச்சுக்கிட்டு இருக்கையில கூப்புட்டாக சார். எஞ் சேலையப் புடிச்சுக்கிட்டு, எம் மகன்ட்ட ஒண்ணு சொல்லணும் தாயின்னாக."

"என்ன சொன்னாங்க?"

"அவுக கையில இருந்து சேலைய உருவிக்கிட்டு நர்ஸக் கூப்புடப் போயிட்டேன் சார். வந்து பாக்கையில பேச்சில்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

"ஒரு வார்த்தையாச்சும் காதுல விழுந்திருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு பேச்சாயி."

"நெசமா கேக்கல சார்" என்றாள். "காது குடுத்தா வாயி சும்மா இருக்காதுன்னுதான், நான் அந்தப் பக்கமே திரும்பல."